400 டாலருக்குள் இடுப்பில் மறைத்து வைக்க ஒரு பிஸ்டல்: எதை நம்பி வாங்கலாம்?

சுகர்லேண்ட்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்தாச்சு. பகலில் ஆபீஸ் வேலை, வெள்ளி சனி ராத்திரி மாமாவின் கேஸ் ஸ்டேஷன் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் நிற்கிற காருக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கவலை. துப்பாக்கி வைத்துக்கொள்ள மாமா சரி என்று சொல்லிவிட்டார். துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து க்ளாக் 19 சுட்டுப் பார்த்தேன். சுட நன்றாக இருந்தது, ஆனால் நான் ஒல்லி, டி-ஷர்ட்டுக்கு அடியில் பிடி துருத்திக்கொண்டு தெரிகிறது, விலையும் 500 பக்கம் போகிறது. என் கையில் இருப்பது 400. கடைக்காரர் டாரஸ் ஜி3சி-யைக் காட்டினார், பக்கத்திலேயே ரூகர் ஈசி9எஸ், அதையும்விட மலிவாக ஹை-பாயிண்ட். யூடியூபில் ஒருத்தர் தங்கம் என்கிறார், அடுத்தவர் குப்பை என்கிறார். அவசரத்துக்குச் சுடாமல் போனால் என்ன பிரயோஜனம், அதனால்தான் கேட்கிறேன். வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கொட்டாம்பட்டி:
தம்பி, நான் சான் அன்டோனியோவில் வார இறுதியில் ஒரு ரேஞ்சில் சேஃப்டி ஆபீசராக நிற்கிறவன், உன்னை மாதிரி நிறைய பேரைப் பார்க்கிறேன். முதல் கேள்வி: அந்த 400 துப்பாக்கிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? சேர்த்து என்றால் கணக்கு இப்படி வரும். ட்ரிகரை முழுசாக மூடுகிற கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, 45-லிருந்து 60. கெட்டியான பெல்ட் 40. பழகுகிற தோட்டா 50 ரவுண்டு பெட்டி 13, 15 டாலருக்குக் கிடைக்கும், ஆரம்பத்துக்கே நாலு பெட்டியாவது வேண்டும். இடுப்பில் வைத்துக்கொள்ள ஹாலோ பாயிண்ட், அதாவது மூக்கில் குழி உள்ள, பட்டதும் விரிகிற தோட்டா, 30-க்குக் குறையாது. பையனுக்காக ஒரு பூட்டுப் பெட்டி 30. இதையெல்லாம் கழித்தால் துப்பாக்கிக்கு மிஞ்சுவது 200 பக்கம்தான்.

இந்தக் கணக்கைப் போடாமல் 400-ஐயும் துப்பாக்கியில் கொட்டிவிட்டு, 12 டாலர் துணி ஹோல்ஸ்டரில் சொருகிக்கொண்டு, வாங்கின அன்றைக்கு ஒரு பெட்டி சுட்டதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கையில் நல்ல துப்பாக்கி இருந்தும் உபயோகமில்லை. என்னைக் கேட்டால் 300 டாலர் துப்பாக்கியும் மாசம் ஒரு பெட்டி தோட்டாவும் 600 டாலர் துப்பாக்கியைவிட உன்னை நன்றாகக் காப்பாற்றும்.

ஹை-பாயிண்ட்டை விட்டுவிடு. கெட்ட சாமான் என்று சொல்லவில்லை, அது சுடும். ஆனால் அது ப்ளோபேக் முறையில் இயங்குவது, பீப்பாயும் ஸ்லைடும் (மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதி) பூட்டிக்கொள்ளாது, ஸ்லைடின் கனத்தை வைத்தே அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அதனால் சி9 மாடல் காலியாகவே 800 கிராமுக்கு மேல். மேகசினில் 8 ரவுண்டுதான். அலமாரியில் வைக்கலாம், ஒல்லி ஆள் இடுப்பில் வைக்கிற வஸ்து இல்லை.

எடிசன்_இட்லி:
கை சின்னது, ஆள் ஒல்லி என்றால் 9 எம்எம்-ஐவிடச் சின்னத் தோட்டாவான .380 பார்க்கலாமே? ரூகர் எல்சிபி 300 டாலருக்கும் குறைவு, பேன்ட் பாக்கெட்டிலேயே போய்விடும். எங்கள் நியூ ஜெர்சியில் இதற்கெல்லாம் பர்மிட் வாங்குவதற்குள் உயிர் போய்விடுகிறது, உங்களுக்கு டெக்சாஸில் அந்தத் தொல்லை இல்லை.

கொட்டாம்பட்டி:
எல்சிபி 270 கிராம்தான், அதுதான் அதில் வம்பே. துப்பாக்கி லேசாக ஆக ஆகக் கையை உதைக்கும். எங்கள் ரேஞ்சில் எல்சிபி வாடகைக்கு எடுக்கிறவர் ஒரு மேகசின் முடித்ததும் கையை உதறிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார், இரண்டாவது பெட்டி வாங்குகிறவரைப் பார்ப்பது அபூர்வம். பழக மனசே வராத துப்பாக்கியை முதல் துப்பாக்கியாக வாங்கக் கூடாது. எல்லாம் தெரிந்தவர், இரண்டாவதாகப் பாக்கெட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் சரி.

தோட்டா விஷயமும் இருக்கிறது. .380 பெட்டி 9 எம்எம்-ஐவிட விலை அதிகம். குட்டையான பீப்பாயிலிருந்து போகிற .380 ஹாலோ பாயிண்ட் பல சமயம் விரியாது, விரிந்தால் ஆழம் போதாது. எஃப்பிஐ ஜெலட்டின் சோதனையில் கேட்பது 12-லிருந்து 18 அங்குலம். நல்ல 9 எம்எம் தோட்டா, ஸ்பீயர் கோல்ட் டாட், ஃபெடரல் எச்எஸ்டி போன்றவை, 3 அங்குலப் பீப்பாயிலிருந்தும் அதைத் தொட்டுவிடும். இரண்டு எஃப்பிஐ ஏஜெண்டுகள் இறந்த 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்கு அப்புறம் பெரிய குண்டு வேண்டும் என்று 10 எம்எம், .40 என்று போன எஃப்பிஐ-யே கடைசியில் 9 எம்எம்-க்குத் திரும்பிவிட்டது. உதைப்பு கம்மி, ரவுண்டு கூட, தோட்டா மலிவு. தம்பிக்கு 9 எம்எம்தான்.

பிளானோ_அக்கா:
.380-ஐ ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். விரலில் வாதம் இருக்கிறவர்களுக்கு, ஸ்லைடையே இழுக்க முடியாதவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈஇசட் என்று 2018-ல் .380-இல் வந்தது, 2020-ல் 9 எம்எம்-இலும் வந்தது. ஸ்லைடு லேசாக வரும், மேகசினில் தோட்டா போடுவதும் சுலபம். எங்கள் அம்மா வயது ஆட்களுக்கு நான் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். கை சின்னது என்பது வேறு, கையில் பலம் இல்லை என்பது வேறு. தம்பி, உங்களுக்கு எது? ஸ்லைடு இழுக்க வருகிறதா, இல்லை ட்ரிகருக்கு விரல் எட்டவில்லையா?

ஆண்கள் எல்லாரும் பெல்ட் பெல்ட் என்று பேசுவதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லெகிங்ஸ், குர்தா போடுகிற பெண்களுக்குப் பெல்ட்டே கிடையாது. குர்தா நீளமாக இருப்பதால் மறைப்பதற்குக் கஷ்டமில்லை, வெளியே எடுப்பதுதான் கஷ்டம், அந்தத் துணியை இடது கையால் மேலே வாரி எடுக்கப் பழக வேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பெல்லி பேண்ட் வாங்கினால் ட்ரிகர் இருக்கிற இடத்தில் கெட்டியான கைடெக்ஸ் தகடு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் எலாஸ்டிக் என்றால் வெளியிலிருந்து அழுத்தினாலே ட்ரிகர் நகரும்.

கைப்பையில் போடாதீர்கள். பையைப் பிடுங்கினால் துப்பாக்கியும் சேர்ந்து போச்சு. குழந்தை கை விடுகிற இடமும் அதுதான். அதே பையோடு ஏர்போர்ட்டுக்குப் போய் ஸ்கேனரில் மாட்டுகிறவர்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, 2023-ல் மட்டும் அமெரிக்க ஏர்போர்ட்டுகளில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்திருக்கிறார்கள், அதில் பெரும்பாலானவை தோட்டா ஏற்றினவை. மறந்துவிட்டேன் என்றால் யாரும் கேட்பதில்லை, அபராதம் ஆயிரக்கணக்கில்.

சுகர்லேண்ட்காரன்:
நன்றி அக்கா. ஸ்லைடு நன்றாகவே இழுக்கிறேன். விரல்தான் குட்டை. க்ளாக் 19-இல் ட்ரிகரைத் தொடக் கையைக் கொஞ்சம் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கொட்டாம்பட்டி அண்ணா, 400 துப்பாக்கிக்கும் ஹோல்ஸ்டருக்கும் சேர்த்துத்தான் நினைத்தேன். தோட்டாவுக்கும் பெட்டிக்கும் தனியாக 100 போட முடியும்.

ஆஸ்டின்_மாமா:
டாரஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் பழைய கதையையும் புதிய கதையையும் குழப்புகிறார்கள். பழைய மில்லேனியம், 24/7 உள்ளிட்ட ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தால் தானாகச் சுடும் என்று அமெரிக்காவில் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2015-ல் சமரசத்துக்கு வந்தது, ஏறக்குறைய பத்து லட்சம் துப்பாக்கிகள் அதில் அடக்கம். கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஜி2சி, ஜி3சி இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஜி3சி 2020-ல் வந்த மாடல், 12 ரவுண்டு, 3.2 அங்குலப் பீப்பாய், கட்டைவிரல் சேஃப்டி உண்டு, 300 டாலருக்கும் கீழே. நான் வைத்திருக்கிறேன், இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. ட்ரிகர் நீளமாகத்தான் வரும், பழகினால் கை தெரிந்துகொள்ளும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். அதே கம்பெனியின் ஜிஎக்ஸ்4-இல் சிலவற்றை விழுந்தால் சுடலாம் என்று 2023-ல் திரும்ப அழைத்தார்கள். அதற்காக டாரஸ் மட்டும் மோசமா? ரூகர் எல்சிபி 2008-ல் ரீகால். அக்கா சொன்ன ஷீல்ட் ஈஇசட் 9 எம்எம்-இல் சுத்தியல் விரிசல் விடுகிறது என்று 2020 நவம்பரில் ரீகால். சிக் பி320-ஐ 2017-ல் விழுந்து சுடுகிற பிரச்சினைக்காகத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தார்கள். சிக் பி365 என்று எல்லாரும் கொண்டாடுகிற துப்பாக்கி 2018-ல் வந்தபோது முதல் தொகுதிகளில் ஃபயரிங் பின் உடைந்த புகார்கள் இருந்தன, அப்புறம் சரியானது. அதனால் பெயரைப் பார்த்து வாங்காதே, சீரியல் நம்பரைப் பார். பல கம்பெனிகளின் வலைத்தளத்தில் நம்பரைப் போட்டால் ரீகாலில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். பழையது வாங்கினால் இதை முதல் வேலையாகச் செய். அதோடு புதிதாக வந்த மாடலை வந்த வருஷமே வாங்காதே. மற்றவர்கள் ஒரு வருஷம் சுட்டுத் தீர்க்கட்டும்.

நெய்வேலி_டு_நேப்பர்வில்:
நல்ல இழை. என் ரூம்மேட்டுக்கும் டெக்சாஸில் வேலை கிடைத்திருக்கிறது, எச்-1பி-யில் இருக்கிறான். அங்கே லைசென்ஸே வேண்டாமாமே, அவனும் ஜி3சி வாங்கலாமா?

கொட்டாம்பட்டி:
வேண்டாம், கையை வைக்க வேண்டாம். மாநிலம் என்ன சொல்கிறது என்பது இங்கே பேச்சே இல்லை. நான்-இமிக்ரண்ட் விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. 18 யுஎஸ்சி 922(ஜி)(5) என்று தேடினால் கிடைக்கும். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் வரும். மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, சில பேர் அதை வைத்து வாங்குகிறார்கள். ஆனால் கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற ஃபெடரல் படிவம் 4473-இல் தப்பாக ஒரு கட்டம் டிக் பண்ணினாலே அது ஃபெடரல் குற்றம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் எதற்கு அந்த வம்பில் விழ வேண்டும்? இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்காமல் அவன் தோட்டா கூட வாங்கக் கூடாது. நீ சிட்டிசன், நீ வாங்கி அவனுக்குக் கொடுக்கிறேன் என்று நினைக்காதே. அது ஸ்ட்ரா பர்சேஸ், இரண்டு பேருக்கும் ஜெயில்.

கிரீன் கார்டு என்றால் தாராளமாக வாங்கலாம், 4473-இல் கார்டில் இருக்கிற ஏ-நம்பரை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தம்பி, வீட்டில் எச்-4-இல் யாராவது இருந்தால் பூட்டுப் பெட்டியின் சாவி, நம்பர் எதுவும் அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

ஃப்ரீமாண்ட்_வாசகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. எங்கள் குடும்பத்திலும் இரவுக் கடை வைத்திருக்கிறோம். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் இடுப்பிலிருந்து எடுத்து ஜெயிக்க முடியாது. கல்லாவைத் திறந்து கொடுத்துவிடுவதுதான் உயிரோடு வீட்டுக்குப் போகிற வழி. துப்பாக்கிக்கு 400 போடுவதற்கு முன்னால் மாமாவிடம் சொல்லி ஒரு டிராப் சேஃப் வாங்கச் சொல்லுங்கள், பணத்தை உள்ளே போட்டால் நீங்களே திறக்க முடியாத வகை. கல்லாவில் சில்லறையும் ஐம்பது டாலரும் தவிர வைக்காதீர்கள், அதைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஜன்னல் முழுக்க பியர் போஸ்டர் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள், ரோட்டிலிருந்து கல்லா தெரிய வேண்டும். பின்பக்க விளக்கு எரிகிறதா பாருங்கள், காரை முன்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துங்கள். இரவு நேரக் கடைகளுக்கு ஓஷா (அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை) கொடுத்திருக்கிற அறிவுரைகளிலும் இவைதான் முக்கியம். நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் துப்பாக்கி வருவது சின்ன விஷயம் இல்லை.

கொட்டாம்பட்டி:
இவர் சொன்னதில் ஒரு வரி கூட நான் மறுக்கவில்லை. நீட்டின துப்பாக்கிக்கு முன்னால் எடுக்காதே, பணம் போகட்டும். தம்பி, நீயே சொன்னாய், பயம் பின்பக்கம் காருக்கு நடக்கிற நேரம் என்று. முதலில் காரை முன்பக்கம் நிறுத்து, பணத்தை ராத்திரியில் எடுத்துக்கொண்டு போகாதே. அதையெல்லாம் செய்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கு. குழந்தை விஷயத்தில் டெக்சாஸ் சட்டமும் இருக்கிறது, உன் கவனக்குறைவால் தோட்டா ஏற்றின துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கைக்குப் போனால் குற்றம். துப்பாக்கி இடுப்பில் இருக்கணும், இல்லையென்றால் பூட்டுக்குள் இருக்கணும். ஃபிரிட்ஜ் மேல், அலமாரி உச்சி, தலையணைக்கு அடியில், இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று நினைப்பது பெரியவர்கள் மட்டும்தான்.

சுகர்லேண்ட்காரன்:
ஃப்ரீமாண்ட் நண்பருக்கு நன்றி. மாமாவிடம் டிராப் சேஃப் பற்றிப் பேசிவிட்டேன், வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். காரையும் இனி முன்பக்கம்தான் நிறுத்தப் போகிறேன். இருந்தாலும் வாங்குவது என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். 2021-லிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்போது எல்டிசி (துப்பாக்கி வைத்துக்கொள்ள மாநிலம் கொடுக்கிற லைசென்ஸ்) எதற்கு? அதற்கு ஒரு 40 டாலர், வகுப்புக்கு வேறு.

ஆஸ்டின்_மாமா:
எடுத்துவிடு. 2021 செப்டம்பர் 1-லிருந்து 21 வயது முடிந்த, தடை ஏதும் இல்லாத ஆள் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஃபெடரல் சட்டம் இருக்கிறது, மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. ஹூஸ்டனில் எந்த ரோட்டில் போனாலும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் போக முடியுமா? பக்கத்து மாநிலங்களுக்குப் போகும்போதும் எல்டிசி-யைப் பல இடத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள், கலிஃபோர்னியா, இல்லினாய் ஏற்காது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் எல்டிசி-யைக் காட்டினால் பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். அதோடு அந்த வகுப்பில்தான் கதவில் துப்பாக்கி கூடாது என்று மாட்டியிருக்கிற 30.06, 30.07, 51% பலகை என்றால் என்ன, எந்தக் கதவுக்கு வெளியே துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று உருப்படியாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

கொட்டாம்பட்டி:
சுடுகிற பரீட்சை சுலபம்தான். 50 ரவுண்டு, 3 கெஜம், 7 கெஜம், 15 கெஜம், 250 மார்க்குக்கு 175 எடுத்தால் பாஸ். நின்ற இடத்தில், எதிரில் யாரும் இல்லாமல் சுடுவது அது. பாஸ் பண்ணிவிட்டால் பழகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சரி, இப்போது துப்பாக்கிக்கு வருவோம். ஹோல்ஸ்டர், பெல்ட் போக உன்னிடம் 300. புதிதாக வேண்டுமென்றால் ஆஸ்டின் மாமா சொன்ன ஜி3சி. அகலம் கொஞ்சம் கூட, 620 கிராம் பக்கம். ஈசி9எஸ் தட்டையாக இருக்கும், 490 கிராம் பக்கம், 7 ரவுண்டு, ஆனால் அதன் குறிமுள் ஸ்லைடோடு சேர்த்துச் செதுக்கியது, பின்னால் மாற்ற முடியாது. இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் தேடுவேன். ஷீல்ட் பிளஸ் இல்லை, அது 2021-ல் வந்தது, 10, 13 ரவுண்டு, நல்ல துப்பாக்கி, உன் கணக்கைத் தாண்டும். நான் சொல்வது 2012-ல் வந்த முதல் ஷீல்ட். 7 அல்லது 8 ரவுண்டு மேகசின். ஒல்லியான பிடி, உன் குட்டை விரலுக்கு ட்ரிகர் எட்டும். ஏராளமாக விற்ற துப்பாக்கி, எல்லாரும் பி365, ஷீல்ட் பிளஸ், க்ளாக் 43எக்ஸ் என்று மாறிக்கொண்டதால் பழையது 250, 300-க்குக் கடைகளில் கிடக்கிறது. பாதிப் பேர் அதில் சுட்டதே இல்லை. ஹோல்ஸ்டரும் எங்கே போனாலும் கிடைக்கும், இது பெரிய விஷயம், புது மாடலுக்கு நல்ல ஹோல்ஸ்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ரவுண்டு குறைவாக இருக்கிறதே என்று கேட்பாய். 8 ரவுண்டும் தட்டையான உடம்பும் தினமும் இடுப்பில் இருந்தால் போதும், 15 ரவுண்டு துப்பாக்கி கனமாக இருக்கிறது என்று வீட்டிலேயே கிடந்தால் என்ன லாபம்.

பழையது வாங்கும்போது பார்: காலியா என்று நீயே இரண்டு தரம் பார்த்துவிட்டு ஸ்லைடைக் கழற்றச் சொல். பீப்பாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார், துரு, வீக்கம் இருக்கக் கூடாது. ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம் தேய்ந்திருக்கிறதா, காலிக் கூட்டை இழுத்து வெளியே எடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் நுனி உடைந்திருக்கிறதா. மேகசின் கம்பெனியுடையதா, வேறு யாருடையதா. தனி ஆளிடம் பார்க்கிங்கில் நின்று வாங்காதே, டெக்சாஸ் சட்டம் அனுமதித்தாலும் அது திருட்டுத் துப்பாக்கியாக இருந்தால் உனக்குத்தான் தலைவலி. கடை வழியாகவே வாங்கு.

எடிசன்_இட்லி:
வாங்கியாச்சு, நம்பலாம் என்று எப்போது முடிவு செய்வது? யூடியூபில் 500 ரவுண்டு என்கிறார்கள், 1,000 என்கிறார்கள், அதற்குத் துப்பாக்கி விலை ஆகிவிடும்.

கொட்டாம்பட்டி:
அவ்வளவு வேண்டாம். முதலில் துடைத்து எண்ணெய் போடு, புதியதில் கிடங்குக்காகப் பூசின கிரீஸ் இருக்கும், பழையதில் யாருடைய அழுக்கோ இருக்கும். பழகுகிற சாதாரணத் தோட்டா, அதாவது எஃப்எம்ஜே, 200 ரவுண்டு, இரண்டு மூன்று தரமாகப் பிரித்துச் சுடு. மேகசின் அடியில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதி வை. சிக்கினால் எந்த நம்பரில் சிக்கியது என்று பார், பாதிக்கு மேல் குற்றவாளி மேகசின்தான். இன்னொரு காரணம் மணிக்கட்டு. சின்ன பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, காலிக் கூடு வாயில் மாட்டிக்கொள்ளும், ஆள் துப்பாக்கியைத் திட்டுவான். அதனால் சிக்கினால் நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவரிடம் அதே மேகசினைக் கொடுத்துச் சுடச் சொல். அவருக்கும் சிக்கினால்தான் துப்பாக்கியில் கோளாறு.

அப்புறம் நீ இடுப்பில் வைக்கப் போகிற அதே ஹாலோ பாயிண்ட், அதே கனம், ஒரு 50 ரவுண்டு, எல்லா மேகசினிலும். இதற்குக் காசு பார்க்காதே. எஃப்எம்ஜே மூக்கு உருண்டை, எதிலும் வழுக்கிக்கொண்டு போகும். ஹாலோ பாயிண்ட் வாய் அகலம், சில துப்பாக்கி விழுங்காது. ஒன்றுகூடச் சிக்காமல் 50-ம் போனால் அந்தத் தோட்டாவிலேயே நில். எடிசன் தம்பி, உங்கள் ஊரில் ஹாலோ பாயிண்ட்டுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, படித்துவிட்டு வாங்கு.

பிளானோ_அக்கா:
ஹோல்ஸ்டரில் திருப்பி வைப்பதைப் பற்றி யாருமே சொல்லவில்லை. எடுக்கும்போதுதான் வேகம், வைக்கும்போது அவசரமே கிடையாது. சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு, இதெல்லாம் ட்ரிகர் வளையத்துக்குள் போய் மாட்டினால் துப்பாக்கி சுட்டுவிடும். துணியை நன்றாக விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். முடிந்தால் ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் போட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து இடுப்பில் சொருகுங்கள்.

சுகர்லேண்ட்காரன்:
வாங்கியாச்சு! பழைய ஷீல்ட் 9, கட்டைவிரல் சேஃப்டி இருக்கிற வகை, ஒரு பான் ஷாப்பில் 270. சீரியல் நம்பர் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. கொட்டாம்பட்டி அண்ணா சொன்னபடியே மேகசினில் நம்பர் எழுதினேன், நல்ல வேளை. 1, 2 இரண்டும் சுத்தம். துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்த வேறு கம்பெனி மேகசின் ஒன்று, 3-ஆம் நம்பர், அதில் மட்டும் கடைசி ரவுண்டு மூக்கு கீழே குத்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்து லேன்காரர் சுட்டும் அதே கதை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஹாலோ பாயிண்ட் 124 கிரெய்ன் 50 ரவுண்டு போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. எல்டிசி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும் சேம்பரில், அதாவது பீப்பாயின் பின்முனையில் சுடத் தயாராக, இருக்கிற ரவுண்டை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டுகிறேன், மறுபடி கிளம்பும்போது அதே ரவுண்டை ஏற்றுகிறேன். பையன் இருப்பதால்தான். இது சரியா?

கொட்டாம்பட்டி:
நல்ல துப்பாக்கி, நல்ல விலை, வாழ்த்துகள்.

அதே ரவுண்டைத் திரும்பத் திரும்ப ஏற்றாதே. ஸ்லைடு ஒவ்வொரு தரமும் அந்தத் தோட்டாவைச் சரிவில் இடித்து உள்ளே தள்ளுகிறது, நாளாவட்டத்தில் குண்டு கூட்டுக்குள் அமுங்கும். அமுங்கினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும், அளவுக்கு மீறினால் துப்பாக்கியே வெடிக்கலாம். பெட்டியிலிருந்து ஒரு புது ரவுண்டை எடுத்துப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார், உயரம் குறைந்து தெரிந்தால் அதைத் தனியாக எடுத்து ரேஞ்சில் கழிவுத் தோட்டா போடுகிற டப்பாவில் போட்டுவிடு, சுடாதே.

அதைவிட, தினமும் ஏற்றி இறக்குவதையே நிறுத்து. கை எத்தனை தரம் அதில் படுகிறதோ அத்தனை தரம் தப்பாகச் சுடுகிற வாய்ப்பு. ஹோல்ஸ்டரோடு சேர்த்து அப்படியே கழற்றி, அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டு, ட்ரிகர் மூடியே இருக்கும். பெட்டியைக் கேபிள் போட்டுக் கட்டிலோடு கட்டிவிடு, சாவி உன் கீ செயினில். ரேஞ்சுக்குப் போகும்போது மட்டும் இறக்கு. அப்போது முதலில் மேகசினை எடு, அப்புறம் ஸ்லைடை இழு, சேம்பருக்குள் விரலை விட்டுப் பார். இந்த வரிசை மாறக் கூடாது, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு எடுத்தால் சேம்பரில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கும்.